மருந்தாகும் ஊற்றுநீர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

தண்ணீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை என்று சிறு வகுப்பில் படித்தோம். காய்ச்சி வடித்த நீருக்குத்தான் அது முழுதும் பொருந்தும். மண்ணில் ஊறிப் பாறையைத் தொட்டு வருகின்ற நீர் ஒவ்வொன்றும் தான் வந்த வழியின் உப்பைச் சுமந்தே வருகின்றது. அதனால்தான் ஒரு கிணற்று நீரில் பருப்பு எளிதில் வேகின்றது; இன்னொரு கிணற்று நீரில் எவ்வளவு விறகு எரித்தாலும் வேகுவதில்லை. ஒரு நீரில் சோப்பு நுரைக்கின்றது, மற்றொன்றில் திரிகின்றது. நம் சித்த மருத்துவக் குணபாட நூல்களும் ஆற்று நீர், ஊற்று நீர், கிணற்று நீர் எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குணம் கூறுகின்றன.

இவ்வாறு உப்புகளும் வாயுவும் மிகுதியாகக் கரைந்துள்ள இயற்கை ஊற்றுநீரைக் கனிம நீர் என்கிறோம். நம் நாட்டில் பக்ரேஷ்வர், மணிகரண் முதலிய வெந்நீர் ஊற்றுகள் நீராடும் புண்ணியத் தலங்களாக விளங்குகின்றன. ஐரோப்பாவிலோ இத்தகைய நீரை மருத்துவர் சொற்படி அளந்து குடிப்பது பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் மரபு. அம்மரபின் தலைநகர் எனத் தக்க ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அந்நீர் எப்படிப் பிறக்கின்றது, அதில் என்னென்ன உள்ளன, குடித்தால் உண்மையில் நோய் தீருமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தருமபுரி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அதன் காரணத்தைப் பிற்பகுதியில் கூறுவேன்.

கார்ல்ஸ்பாட் நகரம்

செக் குடியரசின் மேற்கே, மலைகளுக்கு இடைப்பட்ட ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் கார்லோவி வாரி. ஜெர்மன் மொழியில் இதைக் கார்ல்ஸ்பாட் என்பர். ஊரின் நடுவே ஓடும் சிற்றாற்றின் பெயர் தெப்லா. அச்சொல்லுக்கு வெதுவெதுப்பானது என்று பொருள்.

நான்காம் சார்லஸ் என்னும் மன்னர் இங்கே வேட்டையாட வந்தபோது, மானைத் துரத்திச் சென்ற வேட்டை நாய் ஒன்று கொதிக்கும் நீரில் விழுந்து அலறியதாம். அதைத் தேடிச் சென்றவர்கள் ஊற்றைக் கண்டார்களாம். இது செவிவழிக் கதை. அம்மன்னர் 1370ஆம் ஆண்டு இவ்வூருக்கு நகர உரிமை வழங்கினார் என்பது வரலாறு. ஊரின் பெயரும் அவர் பெயரால் அமைந்ததே.

இங்குள்ள ஊற்றுகளுள் பெரியது ஸ்ப்ரூடல். அதன் வெப்பம் ஏறத்தாழ 73 பாகை செல்சியஸ். நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் நீரைத் தள்ளுகின்றது. அந்நீர் சில வேளைகளில் 12 மீட்டர் உயரம் வரை பீறிட்டு எழுகின்றது. இதனைத் தவிரக் குடிப்பதற்கென்றே பத்துக்கு மேற்பட்ட ஊற்றுகள் ஊரில் உண்டு. அவை யாவும் பூமிக்கடியில் ஒரே மூலத்திலிருந்து வருபவை; கரைந்துள்ள உப்புகளும் ஏறக்குறைய ஒன்றே. வெப்பமும் வாயுவின் அளவும்தாம் வேறுபடுகின்றன.

ஊற்று பிறக்கும் வகை

மழைநீர் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியே மிக ஆழத்திற்கு இறங்குகின்றது. கீழே செல்லச் செல்லப் பாறையின் வெப்பம் கூடுகின்றது. சுடுநீருக்குக் கரைக்கும் ஆற்றல் அதிகம். அத்துடன் பூமியின் ஆழத்திலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் அந்நீரில் கரைந்து, அதை மென்மையான அமிலமாக்குகின்றது. அவ்வமிலம் பாறையிலுள்ள சோடியம், கால்சியம் முதலியவற்றைக் கரைத்துக்கொள்கின்றது.

நீர் மீண்டும் மேலே ஏறும்போது அழுத்தம் குறைகின்றது. உடனே வாயு குமிழிகளாகப் பிரிந்து நீரைத் தள்ளுகின்றது. சோடா பாட்டிலைத் திறந்தவுடன் பொங்குவதும் இதே காரணத்தால்தான். ஸ்ப்ரூடல் பீறிடுவதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. வாயுவே அதற்கு இயந்திரம்.

வாயு வெளியேறும்போது இன்னொரு மாற்றமும் நிகழ்கின்றது.

கால்சியம் பைகார்பனேட் → கால்சியம் கார்பனேட் + நீர் + கார்பன் டை ஆக்சைடு

நம் வீட்டு வெந்நீர்த் தவலையின் உட்புறம் வெள்ளையாகப் படியும் உப்பு இவ்வாறு வந்ததே. கார்ல்ஸ்பாட்டில் அப்படிவு அரகோனைட் என்னும் கல்லாக உறைகின்றது. இரும்பு கலந்திருப்பதால் செம்பழுப்பு நிறம் பெறுகின்றது. அவ்வூர் வணிகர்கள் காகித ரோஜாப் பூக்களை ஊற்றுநீர்ச் சாரலில் சில நாட்கள் வைத்து, அவை கல்லான பின் விற்கின்றனர். வேதியியல் பாடம் ஒன்று அங்கே கடைச் சரக்காகின்றது.

குளியலிலிருந்து குடிநீருக்கு

தொடக்கத்தில் இவ்வூற்றுநீர் குளிக்கவே பயன்பட்டது. நோயாளிகள் பல மணி நேரம் சுடுநீரில் அமிழ்ந்திருப்பர். தோல் வெடித்துப் புண்ணானால் அதன் வழியாக நோய் வெளியேறும் என்று நம்பினர். 1522ஆம் ஆண்டு வென்சல் பாயர் என்னும் மருத்துவர் இவ்வூற்றுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குளிப்பதோடு நில்லாமல் நீரைக் குடிக்கவும் வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். குடிமுறைச் சிகிச்சை இவ்வாறு வேரூன்றியது.

ஆனால் நல்லது என்றால் நிறையக் குடிப்போம் என்பது மனித இயல்பு. அடுத்த நூற்றாண்டுகளில் நோயாளிகள் நாளொன்றுக்கு ஐம்பது கோப்பை அளவுக்குக் கூடக் குடித்ததாகக் கூறுவர். மருந்து தண்டனையாக மாறியது எனலாம்.

இதனைச் சீர்திருத்தியவர் அவ்வூரிலேயே பிறந்த டேவிட் பெக்கர் (1725–1792) என்னும் மருத்துவர். நீரைக் குறைத்துக் குடிக்க வேண்டும், அறைக்கு எடுத்துச் செல்லாமல் ஊற்றின் அருகிலேயே குடிக்க வேண்டும், குடித்தபின் நடக்க வேண்டும் என்று அவர் முறை வகுத்தார். நீரை ஆவியாக்கி உப்பெடுக்கும் தொழிலும் அவர் முயற்சியால் 1764இல் தொடங்கியது. அவ்வுப்பு ஊருக்கு வர இயலாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ‘எவ்வளவு?’ என்னும் கேள்வியை இம்மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் என்ற முறையில் பெக்கரை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஊற்று

வேதியியல் வளர்ந்ததில் கனிம ஊற்றுகளுக்கும் பங்குண்டு. இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரின் கைப்பான நீரை ஆராய்ந்ததால் மக்னீசியம் சல்பேட் அறியப்பட்டது. இன்றும் நம் ஆய்வுக்கூட அலமாரியில் அது எப்சம் உப்பு என்ற பெயருடன் நிற்கின்றது. ஊற்றுநீரின் நுரைப்பைச் செயற்கையாக உண்டாக்க முடியுமா என்று முயன்ற ஜோசப் பிரீஸ்ட்லி, நீரில் கார்பன் டை ஆக்சைடைக் கரைக்கும் முறையை 1772இல் வெளியிட்டார். நம் ஊர்க் கோலி சோடாவின் பூர்வீகம் இதுவே.

1860இல் புன்சன், கிர்க்காஃப் ஆகிய இருவரும் ஜெர்மனியின் டூர்க்ஹைம் ஊற்றுநீரை நிறமாலைமானியால் ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் காணாத இரண்டு நீலக் கோடுகளைக் கண்டனர். அத்தனிமத்துக்குச் சீசியம் என்று பெயரிட்டனர். அதன் உப்பைச் சிறிதளவு பிரித்தெடுக்க ஏறத்தாழ 44,000 லிட்டர் ஊற்றுநீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது.

கார்ல்ஸ்பாட் நீரை நுட்பமாகப் பகுத்தாராய்ந்தவர் ஸ்வீடன் நாட்டு மேதை பெர்சீலியஸ். வேதியியல் குறியீடுகளை நமக்குத் தந்தவரும் இவரே. 1822இல் அங்கு சென்ற அவர், முக்கிய உப்புகளோடு மிகச் சிறிய அளவில் கலந்திருந்த பொருள்களையும் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று புளோரைடு. இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இன்றைய கணக்கின்படி ஒரு லிட்டர் கார்ல்ஸ்பாட் நீரில் ஏறத்தாழ 6.4 கிராம் உப்புகள் உள்ளன. முக்கியமானவை வருமாறு:

பைகார்பனேட் – ஏறத்தாழ 2.1 கிராம்
சோடியம் – ஏறத்தாழ 1.7 கிராம்
சல்பேட் – ஏறத்தாழ 1.6 கிராம்
குளோரைடு – ஏறத்தாழ 0.6 கிராம்

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிடைக்காதபோது 2,000 மில்லிகிராம் வரை ஏற்கலாம். கார்ல்ஸ்பாட் நீரில் 6,400 மில்லிகிராம்! உலகப் புகழ் பெற்ற அம்மருந்து நீர், நம் ஊர்க் குடிநீர்ச் சோதனையில் தேறாது. இதில் முரண் ஏதும் இல்லை. அது குடிநீர் அன்று, மருந்து.

நோயாளியின் ஒரு நாள்

காலையில் வெறும் வயிற்றுடன் நோயாளி ஊற்று மண்டபத்துக்கு வருகின்றார். அம்மண்டபங்களுள் பெயர் பெற்றது 1871 முதல் 1881 வரை கட்டப்பட்ட ஆலை மண்டபம். யோசஃப் சீடெக் வடிவமைத்த அது 124 தூண்களுடன் நம் கோயில் பிராகாரம் போல நீண்டு செல்கின்றது. நோயாளியின் கையில் ஒரு பீங்கான் குவளை. அதன் கைப்பிடியே குழலாகவும் அமைந்திருக்கும். அதன் வழியே சிறிது சிறிதாக உறிஞ்சிக் குடிக்க வேண்டும். ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீரைக் குடித்துக்கொண்டே மெல்ல நடக்கின்றார். இவ்வாறு நாளொன்றுக்கு மூன்று வேளை, உணவுக்கு முன். எந்த ஊற்று, எத்தனை குவளை, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்கின்றார். வழக்கமாக மூன்று வாரம். பிறகு நிறுத்திவிட வேண்டும்.

ஜெர்மானியக் கவிஞர் கதே இவ்வூருக்குப் பதின்மூன்று முறை வந்துள்ளார். கல்லீரல் நோயால் வருந்திய கார்ல் மார்க்ஸ் 1874, 1875, 1876 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வந்தார். நம் நேதாஜி சுபாஷ் சந்திர போசும் 1930களில் உடல் நலம் தேறும் பொருட்டு இங்கே தங்கியதுண்டு. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் ஐரோப்பாவின் பதினோரு ஊற்று நகரங்களை ஒன்றாகச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கார்லோவி வாரி அவற்றுள் ஒன்று.

குணம் எங்கிருந்து வருகிறது?

முதலில், பைகார்பனேட். இது வயிற்றிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரிந்து அதை நடுநிலையாக்குகின்றது. நெஞ்செரிச்சலுக்குச் சமையல் சோடா கலந்த நீரைக் குடிக்கும் நம் கைவைத்தியத்தின் அடிப்படையும் இதுவே.

அடுத்து, சல்பேட். குடற்சுவர் சல்பேட்டை எளிதில் உறிஞ்சுவதில்லை. குடலிலேயே தங்கும் அது, சவ்வூடு பரவல் விதிப்படி நீரையும் தன்னுடன் நிறுத்திக்கொள்கின்றது. ஆகவே மலம் இளகுகின்றது. சல்பேட்டும் மக்னீசியமும் மிகுந்த ஊற்றுநீர்கள் மலச்சிக்கலைத் தணிப்பது முறையான மருத்துவச் சோதனைகளிலும் தெரியவந்துள்ளது.

ஆனால் கல்லீரல் நோய், நீரிழிவு போன்றவற்றை இந்நீர் மட்டுமே தீர்த்துவிடும் என்பதற்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. மூன்று வாரம் வேலையை விட்டு ஓய்வெடுக்கின்றார், அளவாக உண்கின்றார், நாள்தோறும் நடக்கின்றார், மலைக்காற்றைச் சுவாசிக்கின்றார். இவையும் சேர்ந்தே நோயாளிக்கு நலம் தருகின்றன. நலம் முழுவதையும் நீரின் கணக்கில் எழுதுவது விஞ்ஞானமாகாது.

தீமையும் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 600 மில்லிலிட்டர் குடித்தால் அதன் வழியே ஏறத்தாழ 1 கிராம் சோடியம் உடலில் சேர்கின்றது. வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராமுக்குக் குறைவாகவே சோடியம் கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உணவை எண்ணுமுன்பே பாதி அளவு முடிந்துவிட்டது. இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இது நல்லதாகுமா? ‘இயற்கையானது, எனவே தீங்கற்றது’ என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இக்கணக்கே போதும்.

கருங்கல் தந்த வேறொரு நீர்

இப்போது என் மாவட்டத்துக்கு வருகிறேன். தருமபுரியின் நிலத்தடியிலும் கருங்கல் இனப் பாறைகளே உள்ளன. அங்கும் நீர் பாறையில் ஊறிக் கனிமங்களைக் கரைத்துக்கொண்டே வருகின்றது. பெர்சீலியஸ் கார்ல்ஸ்பாட்டில் கண்ட அதே புளோரைடு எங்கள் பகுதியின் பல கிணறுகளில் வேண்டாத அளவில் கலந்துள்ளது.

பாறையிலுள்ள கால்சியம் புளோரைடு எளிதில் கரையாத உப்பு. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது இன்னும் குறைவாகவே கரையும். ஆனால் சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடுகின்றது. கால்சியம் குறையவே புளோரைடு மேலும் கரைகின்றது. முதலாண்டில் நாம் படித்த கரைதிறன் பெருக்கம் என்னும் பாடம்தான் இது.

குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம், 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய நீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்கள் பழுதடைந்து, வெளிவரும்போதே காவிக் கறையுடன் வருகின்றன. பல்பொடியால் அக்கறை போவதில்லை. இன்னும் மிகுதியாகப் பல்லாண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. இந்தியாவில் இந்நோய் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

எங்கள் ஊரில் இதற்கு நோய் என்று பெயரில்லை. ‘நம்ம ஊர்த் தண்ணி அப்படி’ என்பார்கள். என் பாட்டி அறுபது வயதுக்குள் நிமிர்ந்து நிற்க இயலாதவரானார். வயதின் கோளாறு என்றே வீட்டில் எண்ணினோம். பெண் பார்க்க வந்தவர்கள் பெண் சிரித்தவுடன் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு எழுந்து போனதும் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அது விதி அன்று, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண்ணால் எழுதக்கூடிய ஒரு செய்தி என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன்.

கார்ல்ஸ்பாட் நோயாளி மருத்துவர் குறித்த அளவில் மூன்று வாரம் குடித்துவிட்டு ஊர் திரும்புகின்றார். எங்கள் ஊர் உழவர் வெயிலில் வேலை செய்துவிட்டு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிக்கின்றார். பிறந்தது முதல் இறக்கும் வரை குடிக்கின்றார். இரண்டு நீரும் பாறை தந்தவையே. ஒன்றை அளந்து குடித்தார்கள். மற்றொன்றை அளக்க ஆளில்லை.

தீர்வு இல்லாமல் இல்லை. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்: காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

‘மினரல் வாட்டர்’ என்னும் பெயர்

கடையில் விற்கும் கேன் தண்ணீரை எல்லோரும் ‘மினரல் வாட்டர்’ என்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்புகளை நீக்கிய நீர். கனிமத்தை எடுத்துவிட்டுக் கனிம நீர் என்று பெயர் வைத்திருக்கிறோம்! இந்தியத் தர நிர்ணய அமைவனம் இரண்டையும் தனித்தனியே பிரித்துள்ளது. இயற்கைக் கனிம நீருக்கு ஐ.எஸ். 13428 என்றும், மற்ற அடைக்கப்பட்ட குடிநீருக்கு ஐ.எஸ். 14543 என்றும் தர எண்கள் உள்ளன. வாங்கும்போது அட்டையில் எந்த எண் உள்ளது என்று பார்ப்பது படித்தவர் கடமை.

முடிவுரை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. கார்ல்ஸ்பாட் ஊற்றின் ஐந்நூறு ஆண்டு வரலாறு இதனையே மெய்ப்பிக்கின்றது. அந்நீர் அளவின்றிக் குடிக்கப்பட்ட காலத்தில் துன்பம் தந்தது. பெக்கரும் பெர்சீலியசும் அளந்த பின்னரே மருந்தாயிற்று. நீரின் குணத்தை அறிய அதன் புகழைக் கேட்டால் போதாது. அதில் என்ன உள்ளது, எவ்வளவு உள்ளது, எத்தனை நாள் குடிக்கிறோம் என்னும் மூன்றையும் கேட்க வேண்டும்.

வேதியியல் பயிலும் நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் இ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு நீரின் கடினத்தன்மையை அளக்கிறோம். மதிப்பெண்ணுக்காகச் செய்யும் அச்சோதனைக்கு, அடுத்த முறை நம் ஊர்க் கிணற்று நீரையே ஒரு பாட்டிலில் கொண்டுவருவோம். நம் பேராசிரியர்களின் துணையோடு புளோரைடுக்கும் சோதனை செய்வோம். கிடைக்கும் எண்ணைக் குறிப்பேட்டோடு விட்டுவிடாமல் வீட்டிலும் ஊரிலும் சொல்வோம். எட்டு வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கையர் நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருக்கின்றனர். அவர்களுடைய பற்கள் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன.